பச்சை விளக்குக்கு அடங்காத பூங்கோதை

பூங்கோதைக்கு வாய் அதிகம் என்று விருத்தாசலத்தில் சொல்லாதவர்கள் கொஞ்சம்தான். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் மட்டும் இல்லாமல் போயிருந்தால், இன்றைக்கும் அவள் செராமிக் எஸ்டேட்டில் ஏதோ ஒரு யூனிட்டின் மூலையில் குந்திக்கொண்டு, ஃபியூஸ் கட்டையின் பிசிறைப் பிளேடால் சீவிக்கொண்டுதான் இருந்திருப்பாள். எட்டு வருஷம் அந்த வேலைதான் பார்த்தாள். களிமண் மாவை இரும்பு அச்சில் போட்டு அமுக்கி எடுக்கும்போது, அச்சு சுத்தமாக இருந்தால் கட்டையும் சுத்தமாக வரும். அச்சின் சுவர் சொரசொரவென்று இருந்தால் கட்டையின் ஓரத்தில் மண் பிசிறு நிற்கும். சூளைக்குப் போவதற்குள் அதைச் சீவியாக வேண்டும். சீவுகிறவள் விரலும் சேர்ந்துதான் சீவப்படும், மூக்கில் ஏறுகிற தூசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒரு தடவை புது அச்சு ஒன்று வந்தது. அச்சு என்று யாரும் சொல்வதில்லை, டை என்றுதான் சொல்வார்கள். அந்த டையில் அமுக்கிய கட்டை எல்லாவற்றிலும் ஒரே மூலையில் ஒரே மாதிரி பிசிறு. மற்றப் பெண்கள் தலையெழுத்தே என்று சீவினார்கள். பூங்கோதை பத்துக் கட்டையைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, எஸ்டேட்டின் அந்தக் கோடியில் இருந்த மாணிக்கவேலின் டை பட்டறைக்கு நடந்தே போனாள்.

"இந்த டைய யாருங்க செஞ்சது?"

மாணிக்கவேல் பட்டறை முதலாளி. ஐம்பது வயசுக்காரர், தானே தொழில் தெரிந்தவர், யாரும் அவரிடம் இப்படி வந்து கேட்டதில்லை. "நாந்தான் செஞ்சேன். என்னாம்மா இப்ப?"

"மூலையப் பாருங்க. மொண்ணக் கட்டர வுட்டு நோண்டியிருக்கீங்க. நீங்க ஒருவாட்டி நோண்டிட்டுக் கைய தட்டிட்டுப் போயிட்டீங்க. நாங்க ஆறு பேரு நாள் பூரா குந்திச் சீவுறோம். இந்தா, வெரலையும் பாருங்க."

அவர் கட்டையையும் பார்த்தார், விரலையும் பார்த்தார். கோபம் வந்தது. ஆனால் இரும்பைக் குடைந்து டை செய்கிற அந்தக் கட்டரின் முனை மழுங்கியிருந்தது உண்மைதானே, தன் கையால் செய்த வேலை அவருக்குத் தெரியாதா? டையைத் திருப்பி வாங்கிச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த மாசம் ஆள் அனுப்பி, டைகளை எமரித் தாள் போட்டு மெருகேற்றும் வேலைக்கு அவளையே கூப்பிட்டுக்கொண்டார். குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவள் வந்து குறையைத் தீர்க்கட்டும் என்று ஒரு எண்ணம். மனுஷன் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எமரி டேபிளில் நாலு வருஷம். அப்போது டையில் குழி வெட்டுகிற மில்லிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் காத்தவராயன். அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். மெஷின் மூன்று வாரம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பூங்கோதை போய், "நான் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டாள். மாணிக்கவேல் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "ஒரு வீணாப்போன இரும்புக் கட்டி குடுங்க போதும்," என்றாள். நாலு வருஷமாகக் கை எமரித் தாளில் இருந்தாலும் கண் காத்தவராயன் கையில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அந்தக் கட்டியில் அவள் வெட்டிக் காட்டிய சதுரக் குழியை அளந்து பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து காலை ஷிப்டு அவளுடையது.

ஏழு வருஷம் ஓட்டினாள். மெஷின் பழசு, கம்ப்யூட்டர் வைத்தது, கோயம்புத்தூரில் யாரோ ஓட்டித் தேய்த்துக் கைமாற்றி விட்டது. ஆனால் அவள் கையில் முரண்டு பிடிக்காது. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. விரல் தடிமன் கட்டர் இரும்பில் ஒரு குழி வெட்டி முடித்ததும், மெஷின் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். பன்னிரண்டு கோடு விழுந்ததும் கட்டரை மாற்றிவிடுவாள். உடைந்தாலும் உடையாவிட்டாலும் மாற்றுவாள். பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஒரு வருஷம் பூரா ஒவ்வொரு கட்டரும் எத்தனாவது குழியில் சத்தம் மாறுகிறது, எத்தனாவது குழியில் இரும்புத் துருவல் சுருள்சுருளாக வராமல் பொடியாக உதிருகிறது, எப்போது நீலம் பாரிக்கிறது என்று மகளின் பழைய ஸ்கூல் நோட்டில் எழுதி எழுதிக் கண்டுபிடித்தது. பதினாலுக்கு மேல் உடைந்தவை நிறைய. பன்னிரண்டுக்குள் உடைந்தது ஒன்றே ஒன்று, அதுவும் கட்டரே மட்டமானது.

மாணிக்கவேலுக்கு அதில் ஒரு மனக்குறை இருந்தது. "இன்னும் நாலு குழி வெட்டுமேம்மா. நல்லாத்தான இருக்குது?"

"உங்க கண்ணுக்கு நல்லாருக்குதுங்க. டைக்குள்ள சொவர தடவிப் பாருங்க. அந்தச் சொரசொரப்ப எங்கூரு பொம்பளைங்கதான் சீவணும்."

இந்த வாயைக் கட்ட முடியாது என்று அவரும் விட்டுவிட்டார்.

அப்புறம்தான் பெட்டி வந்தது. மாணிக்கவேலின் மருமகன் பாரி, சென்னையில் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து மாமனாரோடு பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். படித்த பிள்ளை, மரியாதையான பிள்ளை. அவன் ஏற்பாடுதான் அது. சாம்பல் நிறத்தில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. கட்டரைச் சுழற்றுகிற மோட்டார் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். முதல்நாள் ஒரு தடவை ஓட்டிக் காட்டி, இதுதான் சரியான இழுப்பு என்று அதைப் பழக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு இழுப்பு அந்த அளவில் இருந்தால் பச்சை விளக்கு. ரொம்ப ஏறினால் கட்டர் மழுங்கிவிட்டது, ரொம்ப இறங்கினால் கட்டர் உடைந்துவிட்டது. ரெண்டுக்கும் சிவப்பு விளக்கு, கூடவே ஒரு ஊளைச் சத்தம், முதலாளியின் போனுக்கு ஒரு மெசேஜ்.

பூங்கோதைக்கு முதலில் பெட்டிமேல் ஒரு வருத்தமும் இல்லை. "நல்லதுதான் தம்பி. என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல," என்றுகூடச் சொன்னாள்.

ஆனால் அந்தப் பெட்டி அவளையே பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு கோடு விழுந்து, பழைய கட்டரைக் கழற்றி, புதுசு மாட்டி ஓட்டினால் ரெண்டாவது நிமிஷம் ஊளை. கட்டர் உடைந்தது என்று மெசேஜ். நிறுத்திப் பார்ப்பாள், கட்டர் முழுசாக இருக்கும். அதற்குள் மாணிக்கவேல் போன் பண்ணிவிடுவார். "என்னாம்மா ஆச்சு?" "ஒண்ணும் ஆவலைங்க." "பின்ன ஏன் செவப்பு?" அவள் என்ன சொல்வாள்? பாரி வந்து பொத்தானை அமுக்கி ஊளையை நிறுத்துவான். "புதுசுல அப்படித்தான்க்கா. போகப் போக செட் ஆயிடும்," என்பான். ஏழெட்டுக் குழி வெட்டிய பிறகு விளக்கு தானாகப் பச்சைக்கு வரும். மறுபடி கட்டர் மாற்றினால் மறுபடி ஊளை.

மத்தியான ஷிப்டு பாலகிருஷ்ணன் ஓட்டினார். நல்ல மனுஷர், வம்புதும்புக்குப் போகாதவர். அவர் ஷிப்டில் பெரும்பாலும் பச்சை. ஏன் என்றால் அவர் கட்டரை மாற்றுவதே இல்லை. உடைந்தால்தான் மாற்றுவார். உடைகிறபோது ஒரு சிவப்பு. புதுசு மாட்டி அது ஊளையிட்டால், அந்தக் கட்டரில்தான் ஏதோ கோளாறு என்று எடுத்து வைத்துவிட்டு, பூங்கோதை கழற்றித் தட்டில் போட்ட பழசு ஒன்றை எடுத்து மாட்டுவார். பச்சை எரியும். அவரும் நிம்மதியாக ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

மாசக் கடைசியில் பாரி ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தான். காலை ஷிப்டில் சிவப்பு முப்பத்தொன்று. மத்தியான ஷிப்டில் நாலு. மாணிக்கவேலின் விரல் அந்த முப்பத்தொன்றின்மேல் நின்றது.

"இனிமே லைட்டு பச்சையா இருக்குற வரைக்கும் கட்டர தொடாத. புரியுதா?"

"பச்சையா எரிஞ்சாலும் கட்டரு மழுங்குதுங்களே."

"அவ்ளோ செலவு பண்ணி வாங்கி வச்சிருக்குது. அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் சொல்லவில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி மல்லுக்கட்டுவாள்? அலுத்துப்போய்விட்டது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு சொன்னபடி கேட்டாள். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது ஒரு வியாழக்கிழமை. மெஷினில் பதினாறு குழி வைத்த பெரிய டை. பன்னிரண்டாவது குழி முடிந்தது, கோடு போட்டாள், கை கட்டர் பக்கம் போனது, விளக்கைப் பார்த்தாள், பச்சை. கையை எடுத்துக்கொண்டாள். பதிமூன்றாவது குழியில் சத்தம் கம்மிப்போனது. துருவல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பச்சை. பதினாலாவதும் அப்படியே முடிந்தது. ரெண்டு மணி ஆனது, ஷிப்டு மாற பாலகிருஷ்ணன் வந்தார்.

"அண்ணே, கட்டர மாத்திட்டு ஓட்டுங்க. சத்தமே சரியில்ல."

அவர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். "பச்சையாத்தான எரியுது?"

பூங்கோதை கையைக் கழுவி, கூடையை எடுத்துக்கொண்டு, வாசல் கேட் பக்கம் வந்தபோது உள்ளே சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊளை. ஓடிப்போய்ப் பார்த்தாள். பதினைந்தாவது குழியின் சுவரில் உடைந்த முனை பாய்ந்து செருகியிருந்தது. இரும்பு ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. ரெண்டு நாள் வேலை பாழ். அந்த டைக்காக ஒரு யூனிட்டே வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

டீ நேரத்தில் தகரக் கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள், ஒன்பது பேர். மாணிக்கவேல் டம்ளரைக் கையில் எடுக்கவே இல்லை.

"முப்பத்தொண்ணு செவப்பு போட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும். இந்த மெஷினு பொம்பளைக்கு ஒத்து வரல. நாளையிலேருந்து நீ எமரி டேபிளுக்கே போயிடும்மா. பாலகிருஷ்ணன் ரெண்டு ஷிப்டும் பாத்துக்கட்டும்."

"நான் மாத்தச் சொன்னேன். அவரயே கேளுங்க."

பாலகிருஷ்ணன் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.  பூங்கோதைக்கு முகம் எரிந்தது. பொம்பளைக்கு ஒத்து வரலையாமே! ஏழு வருஷம் வெட்டிக் கொடுத்த டை எல்லாம் எந்த ஆம்பளை வெட்டியதாம்?

அன்று வூட்டில் தங்கதுரை சொன்னார், "விடு பூங்கோதை. சம்பளம் அதேதான? எமரி டேபிள்ல ஒக்காந்து பாக்குற வேல. காலாவது வலிக்காம இருக்கும்." தங்கதுரை அவள் புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அவள்மேல் பிரியமுள்ளவர். நல்லதுக்குத்தான் சொன்னார்.

"உங்க வண்டிய வேற ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு, நீ பின்னாடி மூட்டையோட மூட்டையா குந்திக்கினு வா, கூலி அதேதான்னா வருவீங்களா?"

தங்கதுரை கொஞ்சம் யோசித்தார். "வரமாட்டேன்," என்றார்.

"அப்ப என்னை மட்டும் ஏன் குந்தச் சொல்றீங்க?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, சோற்றில் குழம்பை ஊற்றினாள். அவள் கேட்டதெல்லாம் அந்த மெஷின் முன்னால் நிற்கிற இடம் ஒன்றைத்தான். அது அவளுக்கு யாரும் தானமாகக் கொடுத்ததில்லை.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் எமரி டேபிளில் குந்தினாள். எதிரே பெரியநாயகி. அவளும் பீங்கான் யூனிட்டிலிருந்து வந்தவள்தான். ஆனால் கோபத்தைக்கூட மெதுவாகப் பேசுகிறவள். "நீ மெஷின வுட்டதுலேருந்து டைக்கு ரெண்டு மடங்கு தேய்க்க வேண்டியிருக்குதுடி. சொவரப் பாரேன், உப்புத்தாளாட்டம் இருக்குது," என்றாள்.  பூங்கோதை தேய்த்துக்கொண்டே மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காதை மூடிக்கொள்ள முடியுமா? மழுங்கின கட்டர் இரும்பில் அரற்றுவது அவள் பல்லில் வந்து கூசியது. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, பத்து மணி இருக்கும். பாழான டைக்குப் பதிலாகப் புது டை மெஷினில் ஏறியிருந்தது. மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ரெண்டாவது குழியிலேயே கட்டர் சடக்கென்று உடைந்தது. நல்ல வேளையாக முனை வெளியே தெறித்து விழுந்தது, டைக்குச் சேதமில்லை. பாலகிருஷ்ணன் புதுக் கட்டர் மாட்டினார். ஊளை. "அட போ," என்று அதைக் கழற்றிவிட்டு, தட்டில் கிடந்த பழசை எடுத்து மாட்டினார். பச்சை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பூங்கோதையின் கையில் எமரித் தாள் அப்படியே நின்றது. அவள் ஷிப்டில் புதுசு மாட்டியதும் ஊளை வரும், கழற்றிய பழசை அவள் திரும்ப மாட்டியதில்லை. பழசு திரும்ப ஏறிப் பச்சை எரிவதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். புதுசுக்குச் சிவப்பு. பழசுக்குப் பச்சை. இது என்ன கூத்து? கட்டருக்குக் கோளாறு இல்லை, அவள் கைக்கும் கோளாறு இல்லை. பெட்டிக்கு எது சரி என்று யார் பழக்கினார்கள்? எதை வைத்துப் பழக்கினார்கள்?

பெட்டி வந்த அந்த வெள்ளிக்கிழமை அவள் நினைவுக்கு வந்தது. பெட்டி மாட்ட கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். தேங்காய், பூ, சூடம் எல்லாம் தயார். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் விளக்கு எரிந்துவிட வேண்டும் என்று மாணிக்கவேல் பறந்தார். வந்த ஆள், "புதுக் கட்டர் ஒண்ணு போடுங்க சார், அத வச்சுத்தான் பழக்கணும்," என்றார். புதுக் கட்டர் எல்லாம் பீரோவில். பீரோச் சாவி மாணிக்கவேலின் சட்டைப் பையில். ஆனால் விசேஷ நாளாயிற்றே, அவர் அன்று புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். சாவி பழைய சட்டையோடு வூட்டு ஆணியில் தொங்கியது. மணி பத்து இருபது. "மாட்டியிருக்குறதே போதும் சார், நேத்துவரைக்கும் வெட்டுன கட்டருதான், ஓட்டுங்க," என்றார் மாணிக்கவேல். முந்தின ராத்திரிவரை பாலகிருஷ்ணன் ஓட்டித் தேய்த்த கட்டர் அது. அதை வைத்துத்தான் பெட்டிக்குப் பாடம் நடந்தது. பத்து இருபத்தெட்டுக்குப் பச்சை எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பூங்கோதையும் தட்டினாள்!

மழுங்கின கட்டர் கஷ்டப்பட்டு இழுக்கிற இழுப்புதான் சரியான இழுப்பு என்று பெட்டி அன்றைக்குக் கற்றுக்கொண்டது. புதுக் கட்டர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், இழுப்பு குறையும், உடனே கட்டர் உடைந்தது என்று பெட்டி ஊளையிடும். அது மக்கு இல்லை, பாவம். சொல்லிக் கொடுத்ததைத்தான் அது செய்கிறது.

பூங்கோதை எழுந்தாள். நேராக மெஷினுக்குப் போனாள். நடுவில் இருந்த பெரிய சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினாள். மெஷின் நின்றது.

"ஏம்மா, என்னா பண்ற? டை நாளைக்குப் போவணும்!" பாலகிருஷ்ணன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார்.

"போவும் அண்ணே. ஒழுங்கா போவும். மொதலாளிக்கு நீங்களே போன் போடுங்க. பூங்கோதை மெஷின நிறுத்திட்டான்னு சொல்லுங்க."

பத்து நிமிஷத்தில் மாணிக்கவேலும் பாரியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். மாணிக்கவேல் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "யாரக் கேட்டு நிறுத்துன நீ? யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. நானாத்தான் நிறுத்துனேன். பத்து நிமிஷம் பாருங்க. பாத்துட்டு, நான் சொல்றது தப்புன்னா, எமரி டேபிளும் வேணாம், ஒண்ணும் வேணாம், இன்னைக்கே போயிடறேன்."

பெரியநாயகி எழுந்து வந்து பின்னால் நின்றாள். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.  வாய் கொடுத்தாயிற்று, இனிமேல் திரும்ப முடியாது.

பாதியில் நின்ற டையைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, வியாழக்கிழமை பாழான டையைத் தூக்கி மெஷினில் வைத்தாள். அதன் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. குப்பைத் தகரத்தில் கையை விட்டு, முனை தேய்ந்து, விளிம்பு சிதைந்து போன கட்டர் ஒன்றைத் தேடி எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"இத நல்ல கட்டருன்னு யாராச்சும் சொல்லுவீங்களா?"

 மாட்டினாள், ஓட்டினாள். மெஷின் கிர்ரென்று அரற்றியது. விளக்கு பச்சை. குழி வெட்டி முடிக்கும்வரை பச்சை.

"இப்ப புதுசு." பீரோவிலிருந்து பாரியே எடுத்து வந்து, உறையைப் பிரித்துக் கொடுத்தான். அதே வேகம், அதே ஆழம், பக்கத்திலேயே இன்னொரு குழி. ரெண்டு நிமிஷம் ஆகவில்லை, ஊளை. மாணிக்கவேலின் போன் டிங்கென்றது.

"வெரல வுட்டுப் பாருங்க," என்றாள் பூங்கோதை. "மொதல்ல பச்சை வெட்டுன குழி. அப்புறம் செவப்பு வெட்டுன குழி."

மாணிக்கவேல் தொழில் தெரிந்தவர் என்று முன்னாலேயே சொன்னேன். ரெண்டு குழியிலும் விரலை விட்டுத் தடவினார். திரும்ப ஒருதரம் தடவினார். விரல் நுனியைப் பார்த்தார்.

பாரிக்குத்தான் முதலில் உறைத்தது. "அக்கா... பழக்குன அன்னைக்கு மாட்டியிருந்தது எந்தக் கட்டரு?"

"உங்க மாமாகிட்ட கேளுங்க தம்பி. பத்தரைக்குள்ள வெளக்கு எரியணும்னு சொன்னவரு அவருதான்."

 புதுச்சட்டை, ஆணியில் தொங்கிய சாவி எல்லாம் மாணிக்கவேலுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காதோரம் சிவந்துபோனது. கர்ச்சீப்பை எடுத்து விரலைத் துடைத்தார், சுத்தமாக இருந்த விரலைத்தான் துடைத்தார்.

"சரி, விடும்மா," என்றார் கடைசியில். "யார் மேலயும் தப்பு இல்ல. பொட்டிதான் தப்பாப் பழகிடுச்சு. நீ மெஷினுக்கு வந்துடு. டை நாளைக்குப் போவணும், ஆரம்பி."

மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். முடிந்தது என்று நினைத்தார்கள். பூங்கோதை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பொட்டி மேல நான் ஒண்ணும் சொல்லலைங்களே. கட்டரு ஒடஞ்சதுன்னு அது சொல்லிச்சு, தெரியாமச் சொல்லிச்சு. ஆனா இந்த மெஷினு பொம்பளைக்கு ஒத்து வரலைன்னு பொட்டி சொல்லலைங்க."

மாணிக்கவேல் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஏதோ கோவத்துல வந்துடுச்சும்மா."

"வந்துச்சில்ல? அது தப்புன்னும் வரணும்ங்க. ஒம்போது பேரு டீ குடிக்கிறப்ப சொன்னீங்க. அவங்க அத்தன பேரும் இங்கதான் நிக்கிறாங்க. சொல்லுங்க, நான் ஆரம்பிக்கிறேன்."

மாணிக்கவேல் பாரியைப் பார்த்தார். பாரி தரையைப் பார்த்தான். நாளைக்குப் போக வேண்டிய டை, மெஷின் பக்கத்தில் அரைகுறையாகக் கிடந்தது. பாலகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். அவரே ரெண்டடி முன்னால் வந்தார், அதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

"அன்னைக்குப் பூங்கோதை மாத்தச் சொல்லிச்சுங்க. நாந்தான் கேக்கல. கொட்டாயிலயே சொல்லியிருக்கணும், சொல்லல. எம் மேல தப்பு."

சொல்லிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். இப்போது மிச்சம் இருந்தது ஒருவர்தான். மாணிக்கவேல் ஒருதரம் வெளியே பார்த்தார், ஒருதரம் அந்த ரெண்டு குழியையும் பார்த்தார்.

"நான் சொன்னது தப்புதான்," என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் மெஷின் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "பூங்கோதை வேலையில தப்பு இல்ல. பொம்பள, ஆம்பளன்னு நான் பேசுனது தப்பு. இந்த மெஷினு அதோடதுதான். இனிமே கட்டர எப்ப மாத்தணும்னு பூங்கோதை சொல்றதுதான்."

பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். பூங்கோதைக்கும் வந்தது. ஆனால் இப்போது அழுதால் நன்றாக இருக்காது என்று விழுங்கிக்கொண்டாள். கதவில் பாலகிருஷ்ணன் காலத்து எண்ணெய் அழுக்கைக் கழிவுத் துணியால் துடைத்தாள். புது டையை ஏற்றி இறுக்கினாள். புதுக் கட்டரோடு பொத்தானை அமுக்கினாள். துருவல் சுருள்சுருளாக வந்தது. ரெண்டாவது நிமிஷம் விளக்கு சிவந்து ஊளை ஆரம்பித்தது.

பாரி ஓடி வந்தான். "அக்கா, ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்க. புதுக் கட்டர வச்சு திரும்பப் பழக்கிடறேன்."

"நாளைக்கு டை போன பொறவு பழக்குங்க தம்பி. நாள் நேரம் பாக்காமப் பழக்குங்க."

"அதுவரைக்கும் இது கத்திக்கினே இருக்குமேம்மா," என்றார் மாணிக்கவேல் காதில் கையை வைத்துக்கொண்டு. அவர் போன் பையில் டிங், டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"கத்தட்டுங்க. ஒரு மாசமா நான் கத்துனேன், யாரும் கேக்கல. இப்ப அது கத்தட்டும், நான் வேலையப் பாக்குறேன்."

கதவை இழுத்துச் சாத்தினாள். குழி முடிந்ததும் சாக்பீஸால் முதல் கோடு போட்டாள்.